கறுப்புக் கார், வெளிப் பார்க்கிங்: பெயின்ற்றில கோடு விழாமல் ஸ்னோ தள்ளுறது எப்படி?

மோர்னிங்சைட்

வணக்கம் எல்லாருக்கும். ரொறொன்ரோ ஸ்காபரோவில அப்பார்ட்மென்ற், கார் வெளி லொற்றிலதான் நிக்கும். கறுப்பு சிடான், 2023. ஏப்ரலில கழுவிப்போட்டு வெயிலில பாக்கேக்கை பொனற்றிலையும் கூரையிலையும் மயிர் போல மெல்லிய கோடுகள். கனக்கக் கோடுகள் ஒரே பக்கமாப் போகுது, பிறஸ் இழுத்த பக்கம். பாவிச்சது ஒரு நுனியில நைலோன் மயிரும் மற்ற நுனியில பிளாஸ்ரிக் ஸ்கிறேப்பரும் உள்ள சாதாரணப் பிறஸ்.

கேக்க வந்தது இதுதான். ஸ்னோ இவ்வளவு மெத்தெண்டு இருக்க கோடு ஏன் விழுது? பிறஸை மாத்தினாக் காணுமா, தள்ளுற விதத்தையும் மாத்தவேணுமா? பெயின்ற் தெரியிற அளவுக்கு முழுக்க வழிக்கவேணுமா, கொஞ்சம் விட்டாச் சரியா? விழுந்த கோட்டை எடுக்கேலுமா?

ரென்ச்10

வணக்கம். கோடு போடுறது ஸ்னோ இல்லை, அதுக்குக் கீழ கிடக்கிற மண்.

காரின்ர நிறத்துக்கு மேல நிறமில்லாத ஒரு படை இருக்கு, கிளியர் கோட். அது பெரும்பாலும் 40 தொடக்கம் 50 மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிர் ஒண்டு அண்ணளவா 70 மைக்ரோன். அவ்வளவு மெல்லிய படைக்கு மேல, ஸ்னோ விழ முதலே முந்தின நாள் றோட்டால வந்த உப்புத் தண்ணி காய்ஞ்சு சாம்பல் நிறத்தில படிஞ்சிருக்கும். அதுக்குள்ள மணலும் இருக்கும். உப்பு ஈரம் பட்டாக் கரையும், பெரிசாக் கீறாது. மணல் குவார்ட்ஸ், ஒண்டிலிருந்து 10 வரை போற மோஸ் கடின அளவில 7. அதுக்கு முன்னால கிளியர் கோட் நிக்காது. பிறஸ் மயிர் அந்த மணலைப் பிடிச்சு இழுக்கேக்கை உங்கட பொனற்றில நடக்கிறது மணல் கடதாசி வேலை. கோடு பிறஸ் போன பக்கமே போறதுக்குக் காரணம் அதுதான்.

பிறஸும் சேர்ந்து கெடுக்கும். நைலோன் மயிர் வீட்டுக்குள்ள வளையும், மைனஸ் 15இல விறைச்சுக் குச்சி மாதிரி நிக்கும். ஒருக்காப் பாவிச்சு ஈரத்தோட ட்ரங்கில போட்டா அடுத்த நாள் மயிர் நுனி ஒவ்வொண்டிலையும் ஐஸ் மணி பிடிச்சிருக்கும். அதைவிட மோசம், ரயருக்குப் பின்னால இருக்கிற அழுக்கு ஐஸைத் தட்ட அதே பிறஸைப் பாவிக்கிறது, இல்லையெண்டா நிலத்தில ஊண்டி வைக்கிறது. அந்தப் பிறஸ் அதுக்குப் பிறகு பெயின்ற்றில படக்கூடாது.

வாங்கவேண்டியது ஃபோம் தலை வைச்ச ஸ்னோ புறூம். தலை 40 சமீ அளவு அகலம், மயிரே இராது, கைபிடி நீட்டிச் சுருக்கலாம். கைபிடி உலோகமெண்டா நுரை ரியூப் ஒண்டை வெட்டிக் கீழ்ப்பாதிக்குச் சுத்திவிடுங்கோ. கூரையின்ர மற்றப் பக்கத்துக்கு எட்டேக்கை கதவு மேல்விளிம்பில அடிபடுறது அந்தக் குழாய்தான்.

இனித் தள்ளுற விதம். முதல் வேலை பின்னுக்குப் போய் சைலன்சர் குழாய் வாயைத் துப்புரவாக்கிறது. ஸ்னோ மூடியிருக்க எஞ்சினைப் போட்டா கார்பன் மொனொக்சைட் காருக்குள்ள வரும், மணம் தெரியாது. பிள்ளையளை முதலே உள்ள இருத்திப்போட்டு வெளியில நிண்டு தள்ளுற ஆக்கள் இதைக் கட்டாயம் பாக்கவேணும். பிறகு எஞ்சினைப் போட்டு, ஹீற்றரை முன்கண்ணாடிக்கு விட்டு, பின்கண்ணாடிச் சூட்டையும் போடுங்கோ. நீங்கள் கூரையை முடிக்க 10 நிமிசம் போகும், அதுக்குள்ள கண்ணாடி ஐஸ் பிடி விட்டிருக்கும்.

கூரைதான் முதல். பொனற்றை முதல் துடைச்சா கூரை ஸ்னோ திரும்ப அங்கதான் விழும். 20 சமீ கிடந்தா ஒரே இழுவையில எடுக்காதேங்கோ. சிடான் கூரை ஒண்டரைச் சதுர மீற்றர் எண்டு பார்த்தாலும், கனமீற்றருக்கு 100 கிலோ வாற புது ஸ்னோவில 30 கிலோ நிக்குது. ஈர ஸ்னோ இரண்டு மூண்டு மடங்கு. அந்தப் பாரத்தை ஒரே தரத்தில தள்ளினா புறூம் தானாகக் கீழ அமத்தும். மேல் 10 சமீயை முதல் எடுங்கோ, பிறகு அடுத்தது. புறூமைக் கூரை நடுவில படுக்க வைச்சு உங்கட பக்கம் நேரா இழுத்து விளிம்பால விழுத்துங்கோ. கார் நீளத்துக்குக் கொண்டு போகவேண்டாம், பக்கவாட்டில அங்கையும் இங்கையும் தேய்க்கவும் வேண்டாம். பாதியை இந்தப் பக்கத்தால, மற்றப் பாதியை அந்தப் பக்கத்தால.

கடைசி 2 சமீயைத் தொடாமல் விடுங்கோ. மண் கிடக்கிறது அதுக்குக் கீழதான். பெயின்ற் தெரியிற வரை வழிச்சுத்தான் ஆகவேணும் எண்ட பழக்கமே இந்தக் கோடுகளுக்குக் காரணம். பொனற்றில மிச்சமிருக்கிறதை எஞ்சின் சூடு பாத்துக்கொள்ளும்.

ஜக்கெற் ஸிப்பை மறந்திடாதேங்கோ. நடுக் கூரைக்கு எட்டக் கதவில சாயேக்கை ஸிப்பும் பெல்ற் கொளுக்கியும் ஆழமாக் கீறும், பிறஸ் கோட்டை விட ஆழமா.

வாட்டர்லூ தமிழ்

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். கூரையில் 2 செ.மீ. விடுவதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. வீட்டுத் தெருவில் 40-இல் போகிறவருக்கு அது பரவாயில்லை. 401 நெடுஞ்சாலையில் 100-இல் போனால் அந்த 2 செ.மீ. பின்னால் வருகிறவர் கண்ணாடியில் வெள்ளைத் திரையாக விழும். காருக்குள் ஹீட்டர் ஓட ஓட கூரைத் தகடு லேசாகச் சூடேறி அடிப்பக்கம் ஈரமாகும். பிரேக் அழுத்தினால் மொத்தமும் சறுக்கி உங்கள் முன்கண்ணாடிக்கே வந்துவிடும், வைப்பரால் அதை நகர்த்த முடியாது. பெயிண்டைக் காப்பாற்றப் போய் இதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்வது நல்லது. ஃபோம் புரூமால் மேலே உள்ளதை எடுத்த பிறகு, மிச்சத்தைத் தொடாமலே அகற்ற பேட்டரியில் ஓடும் இலை ஊதும் ப்ளோயர் அருமையாக வேலை செய்யும். மைனஸ் 5-க்குக் கீழே விழுந்த உலர்ந்த பொடிப் பனி 10 செ.மீ. வரை இருந்தால் புரூமே வேண்டாம், ப்ளோயர் மட்டும் போதும். முன்கண்ணாடிப் பக்கம் நின்று கூரையின் மேல் சாய்வாகப் பின்பக்கம் நோக்கி ஊத வேண்டும். வாயைக் காரிலிருந்து 20, 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், பிளாஸ்டிக் முனை பெயிண்டில் உரசக்கூடாது. பேட்டரியை இரவில் வீட்டுக்குள் வையுங்கள், குளிரில் விட்டால் பாதி நேரம்கூட ஓடாது. பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனியில் ப்ளோயர் பயன்படாது. அது கனம், பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஈரப்பனி திரளாக நகரும், அடியில் தண்ணீர் இருக்கும், அதனால் ஃபோம் புரூமை கனம் கொடுக்காமல் வைத்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும். அதில் 2 செ.மீ. விடத் தேவையில்லை.

ப்ளோயர் இல்லையென்றால் கூரையின் முன்விளிம்பிலிருந்து 30 செ.மீ. அகலத்தையாவது முழுக்கத் துப்புரவாக்குங்கள். ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி முன், பக்கம், பின் மூன்றிலும் பார்வை மறைக்கப்படக் கூடாது, நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும். முன்கண்ணாடியில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டுவது குற்றம்.

இன்னொன்று, பாதி வேலை அக்டோபரிலேயே முடிந்துவிட வேண்டும். வெப்பநிலை 10-க்கு மேல் இருக்கும்போது காரைக் கழுவி, கார் பெயிண்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (clay bar) ஒட்டுத்துகளை எடுத்து, மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் ஒரு பூச்சு கொடுங்கள். கார்னாபா மெழுகு உப்புத் தண்ணீரில் சில வாரங்களில் போய்விடும், சீலன்ட் மூன்று நான்கு மாதம் தாங்கும். வழுக்கலான மேற்பரப்பில் பனி குறைந்த இழுவைக்கே வரும், அழுக்கும் குறைவாக ஒட்டும். செராமிக் கோட்டிங் போட்டால் கோடே விழாது என்று விற்பார்கள், அது சரியில்லை. ஒரு சில மைக்ரான் படலத்தால் மணலைத் தடுக்க முடியாது.

முழுக் காரையும் மூடும் கவர் வேண்டாம். காற்றில் படபடவென்று அடித்து, உள்ளே இருக்கும் தூசியை வைத்து இரவு முழுக்கத் தேய்க்கும். ஈரத்தில் உறைந்தால் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். முன்கண்ணாடிக்கு மட்டும், கதவுக்குள் செருகும் காதுகள் உள்ள விரிப்புப் போடலாம்.

மோர்னிங்சைட்

இரண்டு பேருக்கும் நன்றி. புறூம் இண்டைக்கே வாங்கிறன். உறைமழை பெய்தா என்ன செய்யிறது? கார் முழுக்கக் கண்ணாடி பூசின மாதிரி வரும், கதவும் திறக்காது. சுடுதண்ணி ஊத்தலாமெண்டு சிலர் சொல்லுகினம். வைப்பரை இரவே தூக்கி விடுறது நல்லதா?

மொன்றியல் குளிர்

சுடுதண்ணி ஊத்தவே வேண்டாம். முன்கண்ணாடி எண்டது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில ஒரு பிளாஸ்ரிக் படலம். வெளித் தகடு ஒரு செக்கனில சூடாக, உள்தகடு மைனஸ் 15இல நிக்கும். கல்லு பட்ட சின்னப் புள்ளி ஒண்டு ஏற்கெனவே இருந்தா அதிலிருந்து விரிசல் ஓடும். கதவில ஊத்தினா தண்ணி ரப்பருக்குள்ளையும் பூட்டுக்குள்ளையும் இறங்கி, கொஞ்ச நேரத்தில முந்தினதை விட இறுக்கமா உறையும்.

உறைமழை ஐஸில ஒரே விதிதான்: கண்ணாடியைச் சுரண்டலாம், பெயின்ற்றைச் சுரண்டக் கூடாது. தட்டவும் கூடாது. ஐஸ் பெயின்ற்றோட முழு மேற்பரப்பிலையும் ஒட்டி நிக்குது, ஓரிடத்தில தட்டினா விசை நேராக் கிளியர் கோட்டுக்குத்தான் போகும். ஏற்கெனவே கல்லு பட்டுப் பெயின்ற் உதிர்ந்த புள்ளி இருந்தா அதின்ர விளிம்பையும் கிளப்பிக்கொண்டு வரும். கிறெடிற் கார்ட், சமையலறைப் பிளாஸ்ரிக் கரண்டி ஒண்டும் வேண்டாம்.

பொறுமைதான் இதுக்கு மருந்து. கீழ்நில பார்க்கிங் உள்ள கட்டிடமெண்டா விசிற்றர் இடத்தில ஒண்டு இரண்டு மணித்தியாலம் விடக் கேட்டுப் பாருங்கோ. பூச்சியத்துக்கு மேல 5 பாகை இருந்தாலே ஐஸின்ர அடிப்பக்கம் உருகித் தகடு தகடாச் சறுக்கும், அப்ப உள்ளங்கையால தள்ளினாப் போதும். அது இல்லாட்டி எஞ்சினும் ஹீற்றரும் ஓட விட்டு, கண்ணாடிகளை முடிச்சுக்கொண்டு, மெதுவா ஓடித் தொடுகை இல்லாத, தண்ணி அடிச்சு மட்டும் கழுவுற கார் வொஷ்ஷுக்குப் போறது. கூரையில ஐஸ் தகட்டோட ஹைவேயில ஏறவேண்டாம். அது முழுத் தகடாக் கிளம்பினாப் பின்னால வாற ஆளின்ர முன்கண்ணாடிக்குள்ளால போகும்.

கண்ணாடிக்கு வீட்டிலையே டி-ஐசர் கலக்கலாம். மருந்துக்கடை 70% ஐசோப்புறோப்பைல் அல்கஹோல் இரண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு, பாத்திரம் கழுவுற சோப் சில துளி. இதில அல்கஹோல் 50%க்குக் கொஞ்சம் குறைய வரும், மைனஸ் 20 கிட்ட இதுவே உறையப் பாக்கும். கடுங்குளிருக்குத் தண்ணி சேர்க்காமல் 70%ஐ அப்படியே விசிறுங்கோ. விசிறி 2, 3 நிமிசம் விட்டு, பிறகு சுரண்டினா ஐஸ் பாளமா வரும். விசிறின உடனே சுரண்டி, வேலை செய்யேல்லை எண்டு எறியிற ஆக்கள் கனபேர். பெயின்ற்றில இதை விசிறவேண்டாம், ஒக்டோபரில போட்ட பூச்சை அல்கஹோல் கெடுத்துப்போடும்.

ஸ்கிறேப்பர் பிளாஸ்ரிக் எண்டா விளிம்பு நேரா இருக்குதோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ. பல் விழுந்தது கோடு கோடா ஐஸை விட்டுக்கொண்டு போகும். தடிச்ச ஐஸுக்குப் பித்தளை அலகு நல்லது. பித்தளை மோஸ் 3 அளவு, கண்ணாடி ஐந்தரை, அதால வெறும் கண்ணாடியைக் கீறாது. ஆனா இரண்டுக்கும் நடுவில மணல் இருந்தா மணல் கீறும், அதால ஸ்னோவை முதல் தள்ளிப்போட்டு வாஷர் தண்ணி கொஞ்சம் அடிச்சுப்போட்டுச் சுரண்டுங்கோ. முன் லைற்றில ஸ்கிறேப்பர் படவே கூடாது. அது கண்ணாடி இல்லை, பொலிகாபனேற். மேல இருக்கிற பாதுகாப்புப் பூச்சு ஒருக்காக் கீறுப்பட்டா அந்த இடத்திலிருந்து மஞ்சளாகத் தொடங்கும். கமரா, பக்க மிரர், சன்றூஃபைச் சுத்தியுள்ள ரப்பர் இதுகளுக்கும் அதே விதி. கையுறை விரலாலையோ மைக்ரோஃபைபர் துணியாலையோ எடுங்கோ.

வைப்பர் விசயத்தில இரண்டு அபிப்பிராயம் இருக்கு. உறைமழை எண்டாத் தூக்கி விடுறது நல்லது, ரப்பர் கண்ணாடியில ஒட்டாது. பலத்த காத்து வருமெண்டாத் தூக்கவேண்டாம், ஸ்பிரிங் கை திரும்ப அடிச்சு விழேக்கை கண்ணாடி வெடிக்கலாம். பொனற்றுக்குக் கீழ மறைஞ்சு நிக்கிற வைப்பரைக் கையால இழுத்துத் தூக்காதேங்கோ, பொனற் விளிம்புப் பெயின்ற் போயிடும். அதுக்கெண்டு வைப்பர் மேல வந்து நிக்கிற சேவிஸ் நிலை இருக்கும், கார்ப் புத்தகத்தில பாருங்கோ. எப்படி விட்டாலும் எஞ்சினை நிப்பாட்ட முதல் வைப்பரை ஓஃப் பண்ணுங்கோ. ஓனில விட்டா, காலமை திறப்பைத் திருப்பின உடனே உறைஞ்ச ரப்பரோட மோட்டர் மல்லுக்கட்டும்.

கதவு உறைஞ்சிருந்தா இழுக்க முதல் தள்ளுங்கோ. உள்ளங்கையால விளிம்பைச் சுத்தி அமத்தினா ரப்பருக்கு நடுவில இருக்கிற ஐஸ் நொறுங்கும். இழுத்தா ரப்பர் கிழியும், இல்லாட்டிக் கைபிடி கழண்டு வரும். நொவெம்பரில ரப்பரைத் துடைச்சுக் காயவிட்டு சிலிக்கோன் ஸ்பிறே துணியில எடுத்துப் பூசினா இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. நேரா விசிறினா கண்ணாடியிலையும் படும், பிறகு வைப்பர் கறகறக்கும்.

ரென்ச்10

வாட்டர்லூ தமிழ் சொன்னது சரி. ஹைவேயில ஏறுற காருக்குக் கூரையில ஒண்டும் விடக்கூடாது. 2 சமீயைப் பொனற்றுக்கும் ட்ரங்குக்கும் வைச்சுக்கொள்ளுங்கோ. கூரையை ப்ளோயரால முடியுங்கோ. அது இல்லாட்டி ஃபோமை உதறி, முகப்பைக் கையால தடவிப் பார்த்து, மண் இல்லையெண்டு கண்டபிறகு கடைசிப் படையைப் பாரம் குடுக்காமல் ஒரே ஒரு இழுவை. அதே இடத்தில இரண்டாம் தரம் போகவேண்டாம்.

விழுந்த கோட்டைப் பற்றிக் கேட்டீங்கள். நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கால மெதுவா ஓட்டிப் பாருங்கோ. நகம் தடக்காட்டி அது கிளியர் கோட்டுக்குள்ள மட்டும் நிக்குது, பொலிஷ் பண்ணினாப் போகும். தடக்கினா ஆழம், அதைப் பொலிஷால முழுக்க எடுக்கப் பாக்கவேண்டாம். வெள்ளையாவோ உலோகமாவோ தெரிஞ்சா ரச்-அப் பெயின்ற் உடனே வையுங்கோ, உப்புத் தண்ணி பட்டா அந்தப் புள்ளியிலிருந்து கறள் பிடிக்கும்.

பொலிஷை இப்ப செய்யாதேங்கோ, ஏப்ரல் கடைசிக்கு விடுங்கோ. ஒரு தரம் பொலிஷ் பண்ணினா ஒண்டு தொடக்கம் மூண்டு மைக்ரோன் கிளியர் கோட் போகும். 40 மைக்ரோனில ஒவ்வொரு வருசமும் அதைச் செய்துகொண்டிருக்கேலாது, மேல்பகுதியிலதானே வெயிலைத் தடுக்கிற சாமானும் கூட இருக்கு. இரண்டு விதமாச் சுத்துற டியுவல் அக்ஷன் மெசினும் மெல்லிய பொலிஷும் காணும். முதலில 40 சமீக்கு 40 சமீ ஒரு துண்டைச் செய்து, லைற் அடிச்சுப் பார்த்து, திருப்தி எண்டா மிச்சத்துக்குப் போங்கோ.

கழுவுறதையும் ஸ்னோ தள்ளுறதையும் பிரிச்சுப் பாக்கேலாது. கார் அழுக்கா இருந்தாத்தான் ஸ்னோவுக்குக் கீழ மணல் இருக்கும். றோட்டு உப்பு மைனஸ் 10க்குக் கீழ பெரிசா வேலை செய்யாது, அப்ப மணல் கூடப் போடுவினம். அந்த நாட்கள் முடிஞ்சு வெப்பநிலை மைனஸ் 5க்கு மேல ஏறின முதல் நாள், தொடுகை இல்லாத வொஷ், அடிப்பக்கமும் சேர்த்து. சுத்துற துணி வைச்ச வொஷ் வேண்டாம். உங்களுக்கு முன்னால போன ட்ரக்கின்ர மண் அந்தத் துணியில நிக்கும். முடிஞ்ச உடனே நாலு கதவையும் திறந்து ரப்பரைத் துடையுங்கோ, பெற்றோல் மூடியையும்.

கிங்ஸ்ரன் றோட்

இரண்டு விசயம் விடுபட்டிருக்கு. முன்கண்ணாடிக்குக் கீழ, பொனற் முடியிற இடத்தில கறுப்புப் பிளாஸ்ரிக் சல்லடை இருக்கும். ஹீற்றருக்குக் காத்துப் போறது அதுக்குள்ளாலதான். அதை மூடின ஸ்னோவைக் கையால வழிச்சு எடுக்காட்டி விசிறி ஈரத்தை உள்ளிழுத்து, கண்ணாடி உள்பக்கத்தால புகை மாதிரி மூடும். ஹீற்றரை வெளிக்காத்துக்கு விட்டு ஏசியையும் போட்டாத்தான் அது தெளியும்.

மற்றது சவள், ஸ்னோ அள்ளுறது. ஸ்னோ தள்ளுற பிளவ் வண்டி வந்து காருக்குப் பக்கத்தில கொட்டிப்போட்டுப் போற இறுகின குவியலை வெட்டேக்கை, சவள் பிளாஸ்ரிக் எண்டாலும் விளிம்பில பெரும்பாலும் உலோகத் தகடு இருக்கும். கதவிலிருந்து ஒரு அடி தூரத்துக்குச் சவளைக் கொண்டு போகாதேங்கோ. அந்தக் கடைசி ஒரு அடியைக் காலால காருக்கு வெளிப்பக்கம் இழுத்து விழுத்திப்போட்டு அள்ளுங்கோ. ரயருக்கு முன்னால அள்ளேக்கையும் அப்படித்தான், அலோய் றிம்மின்ர விளிம்புக் கிளியர் கோட் உரிஞ்சா உப்பு உள்ள போய் உலோகத்தை அரிச்சு, வெள்ளைப் புழு மாதிரிக் கோடு ஓடும்.